லேப்டாப் எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

“லேப்டாப் ஆன் ஆகவில்லை” என்ற ஒரே புகாருக்குள் நான்கு வெவ்வேறு பழுதுகள் இருக்கின்றன. பவர் பட்டனை அழுத்தினால் ஒரு விளக்குகூட எரியாதது ஒன்று. விளக்கு எரிந்து ஃபேன் சுற்றியும் திரை கருப்பாகவே இருப்பது இரண்டாவது. தயாரிப்பாளரின் லோகோ வந்து அதோடு நின்றுவிடுவது மூன்றாவது. விண்டோஸ் பாதிவரை வந்து கிராஷ் ஆகி, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆவது நான்காவது. நான்குக்கும் பொதுவான வைத்தியம் கிடையாது. கடைகளில் எடுத்தவுடன் சொல்லப்படும் “ஃபார்மட் போட்டுடலாம்” என்பது நான்காவதில் மட்டும், அதுவும் சில நேரம்தான் பயன்படும். மூன்றாவதில் அது மீட்டிருக்கக்கூடிய ஃபைல்களை அழித்துவிடும். முதல் இரண்டில் அதற்கு வேலையே இல்லை.

கட்டத்தைக் கண்டுபிடிக்க, இயந்திரம் எழுந்திருக்கும் வரிசையைத் தெரிந்துகொண்டால் போதும். அடாப்டரிலிருந்தோ பேட்டரியிலிருந்தோ வரும் மின்சாரத்தில் முதலில் விழிப்பது மதர்போர்டிலுள்ள எம்பெடட் கன்ட்ரோலர் என்னும் சிறிய சிப். பவர் பட்டன், சார்ஜிங், ஃபேன், கீபோர்டு எல்லாம் அதன் பொறுப்பு. பட்டனை அழுத்தியதும் அது மற்ற மின்தடங்களை வரிசையாகத் திறந்துவிடுகிறது. பிறகு பிராசசர் பயாஸ் சிப்பிலுள்ள நிரலைப் படித்து, ராமைச் சோதித்து, திரையை எழுப்பி, லோகோவைக் காட்டுகிறது. அடுத்து டிஸ்க்கில் விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட் லோடரைத் தேடுகிறது. அது கிடைத்தால் விண்டோஸின் மையப்பகுதியான கெர்னல், பாகங்களை இயக்கும் டிரைவர்கள், கடைசியில் லாகின் திரை. எந்தப் படியில் நின்றதோ, அதற்கு முந்தைய படிகள் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன என்று பொருள். லோகோ தெரிந்துவிட்டால் அடாப்டரையும் டிஸ்பிளேயையும் சந்தேகிக்க வேண்டியதில்லை.

விளக்கே எரியவில்லை என்றால்

முதலில் அடாப்டர். அதன் லேபிளில் உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். ஆகவே வீட்டில் வோல்டேஜ் சற்றுக் குறைந்ததால் லேப்டாப் எழவில்லை என்பது பொதுவாகச் சரியான காரணம் இல்லை. வெளியீடு பழைய குழாய் முனை அடாப்டர்களில் 19 அல்லது 19.5 வோல்ட், டைப்-சி அடாப்டர்களில் 20 வோல்ட். 65 வாட் அடாப்டர் என்றால் மின்னோட்டம் ஏறத்தாழ 3.3 ஆம்பியர். குழாய் முனையை மல்டிமீட்டரால் அளக்கலாம். ஆனால் மீட்டரில் 19.5 காட்டினால் மட்டும் அடாப்டர் நல்லது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. உள்ளே கெப்பாசிட்டர் தளர்ந்த அடாப்டர் சும்மா இருக்கும்போது சரியான அளவைக் காட்டும், லேப்டாப் இழுக்கத் தொடங்கியதும் சரிந்துவிடும். அதே வாட் உள்ள வேறொரு நல்ல அடாப்டரைப் போட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

டைப்-சியில் இன்னொரு குழப்பம் உண்டு. லேப்டாப்பும் சார்ஜரும் பேசி ஒத்துக்கொண்ட பிறகே 20 வோல்ட் வரும். எதிலும் செருகாத முனையை மீட்டரால் தொட்டால் ஒன்றுமே காட்டாது. அதை வைத்துச் சார்ஜர் செத்துவிட்டது என்று தூக்கிப் போடக் கூடாது. போன் சார்ஜர்கள் பலவும் 5 அல்லது 9 வோல்ட்டோடு நின்றுவிடுவதால், முனை பொருந்தினாலும் லேப்டாப் எழாது. டெல், எச்பி குழாய் முனைகளின் நடுவிலிருக்கும் மெல்லிய ஊசி, அடாப்டரின் வாட்டை லேப்டாப்புக்குச் சொல்வதற்கானது. அது வளைந்தாலோ, வயருக்குள் அறுந்தாலோ, டெல் இயந்திரங்கள் பேட்டரியைச் சார்ஜ் செய்ய மறுத்து, பிராசசர் வேகத்தையும் குறைத்துவிடும்.

அடாப்டரில் விளக்கு இருந்தால் அதைக் கவனியுங்கள். லேப்டாப்பில் செருகிய அடுத்த கணம் அந்த விளக்கு அணைந்து, பிடுங்கியதும் மறுபடி எரிகிறது என்றால், மதர்போர்டின் முதன்மை மின்தடத்தில் ஷார்ட் இருக்க வாய்ப்பு மிக அதிகம். செராமிக் கெப்பாசிட்டரோ, மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் என்னும் சிறு பாகமோ ஷார்ட் ஆனால் இப்படித்தான் நடக்கும். திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காமல் போர்டு வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டிய அறிகுறி இது.

ஷார்ட் இல்லையென்றால் எம்பெடட் கன்ட்ரோலர் குழம்பி நிற்கலாம். அடாப்டரைப் பிடுங்கி, கழற்ற முடிந்த பேட்டரி என்றால் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்து கன்ட்ரோலர் புதிதாகத் தொடங்கும். பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடல்களில், அடிப்பகுதித் திருகுகளைக் கழற்றி பேட்டரி கனெக்டரைப் பிடுங்கிவிட்டு இதைச் செய்தால் பலன் உறுதி. பல திங்க்பேடுகளில் இதற்கென்றே அடிப்பக்கத்தில் ஒரு ஊசித் துளை உண்டு. பிறகு பேட்டரியை இணைக்காமல் அடாப்டரில் மட்டும் ஆன் செய்து பாருங்கள். எழுந்தால் சந்தேகம் பேட்டரி மேல்.

டச்பேடு மேலே தூக்கியிருந்தாலோ, அடிமூடி பிதுங்கியிருந்தாலோ பேட்டரி உப்பிவிட்டது என்று அறியுங்கள். அதை அழுத்தி உள்ளே தள்ளுவதும், கூர்மையான கருவியால் நெம்புவதும் தீப்பிடிக்க வழிசெய்யும். சார்ஜ் செய்வதை அன்றே நிறுத்திவிட வேண்டும்.

விளக்கு எரிகிறது, திரை கருப்பு

இங்கே முதலில் பிரித்தறிய வேண்டியது: இயந்திரம் எழவில்லையா, திரை மட்டும் தெரியவில்லையா? எச்டிஎம்ஐ வழியாக டிவியையோ மானிட்டரையோ இணைத்தால் பாதி விடை கிடைத்துவிடும். இருட்டறையில் டார்ச்சைச் சாய்த்துத் திரையில் அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் பேக்லைட்டோ, அதற்கான கேபிளோதான் போயிருக்கிறது. டெல் லேப்டாப்புகளில் டி விசையைப் பிடித்துக்கொண்டு பவர் பட்டனை அழுத்தினால் திரை தானாக வண்ணங்களை மாற்றிக் காட்டும். காட்டினால் பேனல் நலம்.

இயந்திரமே எழவில்லை என்றால் அது சும்மா இருப்பதில்லை, விளக்கைச் சிமிட்டிக் காரணத்தைச் சொல்கிறது. டெல்லில் பேட்டரி விளக்கு மஞ்சளில் இரண்டு, வெள்ளையில் மூன்று சிமிட்டினால் ராம் கண்ணில் படவில்லை என்று பொருள். மஞ்சள் இரண்டு, வெள்ளை ஏழு என்றால் திரைப் பழுது. எச்பியில் கேப்ஸ் லாக் விளக்கு இதே வேலையைச் செய்கிறது. சில மாடல்கள் பீப் ஒலி எழுப்பும். எண்ணிக்கையைப் போனில் வீடியோவாக எடுத்து, உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் ஒப்பிடுங்கள். ஒரே தயாரிப்பாளரின் பழைய, புதிய மாடல்களுக்கிடையே கணக்கு மாறுவதால் பொதுவான பட்டியலை நம்ப வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் முதலில் கை வைக்க வேண்டியது ராம். பேட்டரி கனெக்டரைப் பிடுங்கிய பிறகே தொட வேண்டும். இரு பக்கக் கொக்கிகளை விலக்கினால் ராம் சாய்வாக எழும்பும். தங்கநிறத் தொடுமுனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, உலரவிட்டு, சாய்வாக முழுதும் செருகி, கொக்கி விழும்வரை அழுத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஆன் செய்து பாருங்கள். பிறகு மற்றதை, அதன்பின் இன்னொரு ஸ்லாட்டில். ஒவ்வொரு முறையும் ஒன்றே ஒன்றை மாற்றினால்தான் பழுது ராமிலா ஸ்லாட்டிலா என்று தெரியும். டிடிஆர்4 ராமுக்கு 260 முனைகள், டிடிஆர்5க்கு 262. வெட்டுப்பள்ளம் வேறிடத்தில் இருப்பதால் ஒன்றை மற்றதன் ஸ்லாட்டில் திணிக்கக் கூடாது. டிடிஆர்5 லேப்டாப்பில் ராமை மாற்றிய பிறகு முதல்முறை ஆன் செய்தால் திரை சில நிமிடங்கள் கருப்பாகவே இருக்கலாம். புதிய ராமுக்கேற்ப நேர அளவுகளை அது அப்போதுதான் பழகிக்கொள்கிறது. பொறுமையிழந்து பட்டனை அழுத்தி அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

பயாஸ் அப்டேட் ஓடும்போது கரன்ட் போனதால் வந்த கருப்புத் திரைக்குத் தனி வழி உண்டு. எச்பியில் விண்டோஸ் விசையையும் பி விசையையும் பிடித்துக்கொண்டு பவர் பட்டனை 2, 3 விநாடி அழுத்த வேண்டும். டெல்லில் கன்ட்ரோல், எஸ்கேப் விசைகளைப் பிடித்தபடி அடாப்டரைச் செருக வேண்டும். இதை ஆதரிக்கும் மாடல்கள், டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ உள்ள பிரதியிலிருந்து பயாஸை மீட்டுக்கொள்ளும்.

லோகோவோடு நின்றால்: டிஸ்க்

“நோ பூட்டபிள் டிவைஸ்” என்ற செய்தி, அல்லது லோகோவில் நிமிடக்கணக்கில் உறைவது, அல்லது புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருப்பது. இங்கே டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். அவசரமாகச் செய்யும் எதுவும் ஃபைல்களை இழக்கவைக்கும் இடமும் இதுதான். பழுதான பாகத்துக்கு மாற்று கடையில் கிடைக்கும், ஃபைல்களுக்குக் கிடைக்காது. ஆகவே இந்தக் கட்டத்திலிருந்து முதல் வேலை சரிசெய்வது இல்லை, பிரதி எடுப்பது.

பயாஸுக்குள் போய் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். டெல், ஏசரில் எஃப்2, எச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1. பெயர் தெரியவில்லையென்றால் எம்.2 எஸ்எஸ்டியின் ஒற்றைத் திருகைக் கழற்றி, மறுபடி செருகிப் பாருங்கள். என்விஎம்இ என்னும் வேகமான வகை எஸ்எஸ்டிகள் முன்னறிவிப்பின்றி முழுதாக மறைந்துவிடக்கூடியவை. சுழலும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் அப்படி இல்லை, வேகம் குறைந்து, டிக் டிக் என்று சத்தமிட்டு, நாள்கணக்கில் எச்சரிக்கும். சத்தம் கேட்டால் அதை ஓடவிடுவதே ஆபத்து. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் மீட்கும் வாய்ப்பு குறைகிறது.

பெயர் தெரிந்தால், வேறொரு கணினியில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே பூட் செய்து, ஃபைல்களை வெளி டிஸ்க்குக்கு நகலெடுக்கலாம். நகலெடுக்கும்போதே டிஸ்க் திணறினால் ஃபைல் ஃபைலாக இழுக்கக் கூடாது. டிடிரெஸ்கியூ என்னும் கருவியால் முழு டிஸ்க்கையும் அதைவிடப் பெரிய டிஸ்க்கில் பிம்பமாக எடுக்க வேண்டும். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட செக்டர்களுக்குக் கடைசியில் திரும்பும். இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

நகல் கைக்கு வந்த பிறகு டிஸ்க்கின் உடல்நிலை. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற கருவி காட்டும், டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளைப் பாருங்கள். மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், சந்தேகத்தில் காத்திருப்பவை, படிக்கவே முடியாதவை என்ற எண்ணிக்கைகள் அவை. கூடிக்கொண்டே போனால் டிஸ்க் முடிந்தது. சி7 மட்டும் ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம், பெரும்பாலும் கேபிள் தளர்ந்திருக்கும். என்விஎம்இயில் மீடியா எரர் எண்ணிக்கையையும், பயன்பட்ட ஆயுள் சதவீதத்தையும் பாருங்கள்.

இணையத்தில் எல்லோரும் பரிந்துரைக்கும் செக்டிஸ்க் கட்டளையை, கெட்ட செக்டர் தேடும் முறையில், சாகும் டிஸ்க்கின் மேல் ஓட்டாதீர்கள். அது கடைசி செக்டர்வரை படிக்கச் சொல்லி வாட்டும், அறுபட்ட பதிவுகளைத் தன் முடிவுப்படி வெட்டி ஒட்டும். நகல் எடுத்த பிறகு, நலமான டிஸ்க்கில் மட்டுமே அதற்கு இடம்.

டிஸ்க் நலமாக இருந்தும் “இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்” என்று வந்தால், சமீபத்தில் பயாஸை யாராவது ரீசெட் செய்தார்களா, போர்டிலுள்ள 3 வோல்ட் காயின் பேட்டரியைக் கழற்றினார்களா என்று விசாரியுங்கள். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்புகளில் டிஸ்க், விஎம்டி என்னும் கட்டுப்பாட்டின்கீழ் இயங்குகிறது. ரீசெட்டில் அந்த அமைப்பு மாறினால் விண்டோஸுக்குத் தன் டிஸ்க்கே அடையாளம் தெரியாமல் போகும். பழைய அமைப்புக்குத் திருப்பினால் பூட் ஆகிவிடும். விஎம்டி இயங்கும் லேப்டாப்பில் விண்டோஸ் இன்ஸ்டாலர் “டிஸ்க் எதுவும் இல்லை” என்று சொல்வதற்கும் பெரும்பாலும் இதே காரணம். இன்டெல்லின் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென் டிரைவில் வைத்து ஏற்ற வேண்டும்.

விண்டோஸ் வந்து விழுகிறது

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுவதும் நடந்தது இந்த நான்காம் கட்டப் பழுது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு இந்திய நேரம் காலை 9:39க்குப் போன ஒரு பிழையான ஃபைல், ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரைச் சுழலில் தள்ளியதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. 78 நிமிடங்களில் அந்த ஃபைலைத் திரும்பப் பெற்றும், ஏற்கெனவே விழுந்தவை பலவும் தாமாக எழவில்லை. அந்தக் கணினிகளின் ராமும் டிஸ்க்கும் விண்டோஸும் பழுதாகவில்லை. அவசியமான டிரைவர்கள் மட்டும் ஏறும் சேஃப் மோடில் நுழைந்து அந்த ஒரு ஃபைலை நீக்கியதும் இயங்கின. ஃபார்மட் போட்டவர்கள் தேவையில்லாமல் போட்டார்கள். ஆனால் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் குறியாக்கம் இருந்த இயந்திரங்களில் 48 இலக்க ரெக்கவரி கீ கையில் இல்லாதவர்கள் அந்த எளிய வேலையைக்கூடச் செய்ய முடியாமல் காத்திருந்தார்கள்.

அந்தக் கீ இன்று வீட்டு லேப்டாப்புக்கும் வேண்டியிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் அமைத்த விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் குறியாக்கம் பெரும்பாலும் தானே இயங்கிவிடுகிறது, உரிமையாளருக்கே தெரியாமல். பயாஸ் அமைப்பை மாற்றினாலோ, போர்டை மாற்றினாலோ, எஸ்எஸ்டியை வேறு கணினியில் இணைத்தாலோ, முன்சொன்ன லினக்ஸ் வழியில் திறந்தாலோ கீ கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் சாதனப் பட்டியலின்கீழ் அது சேமிக்கப்பட்டிருக்கும். லேப்டாப் நன்றாக இருக்கும்போதே காகிதத்தில் எழுதிவைக்க வேண்டியது இது.

விண்டோஸ் எழாவிட்டாலும் அதன் ரெக்கவரி திரைக்குப் போகலாம். லோகோவுக்குக் கீழே புள்ளிகள் சுற்றும்போது பவர் பட்டனை 10 விநாடி அழுத்தி அணைப்பதை அடுத்தடுத்துச் செய்தால், மூன்றாம் முறை அது தானாக வரும். பழுது நேற்றைய அப்டேட்டுக்குப் பின் வந்ததென்றால் “அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்” முதலில். இல்லையென்றால் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக 4ஐ அழுத்திச் சேஃப் மோட். சேஃப் மோடில் நிலையாக நின்றால் குற்றவாளி ஏதோ ஒரு டிரைவர், ஆன்டிவைரஸ் அல்லது தொடக்கத்தில் ஓடும் புரோகிராம். அங்கேயும் விழுந்தால் ஹார்டுவேர் பக்கம் திரும்ப வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒரு வசதி: அந்த ரெக்கவரி திரையின் கமாண்ட் பிராம்ப்டில் நோட்பேடைத் திறந்து, ஃபைல் மெனுவில் ஓபன் போய், எல்லா வகை ஃபைல்களையும் காட்டச் சொன்னால், அந்தப் பெட்டியிலிருந்தே ஃபோல்டர்களைப் பென் டிரைவுக்கு நகலெடுக்கலாம். எவ்வளவு முடிந்தது என்று காட்டாது. டிரைவ் எழுத்துகளும் மாறியிருக்கலாம், சி டிரைவ் டியாகத் தெரியும். இருந்தும் ஃபைல்கள் வந்துசேர்ந்துவிடும்.

கிராஷ் திரையில் வரும் பெயரைப் போட்டோ எடுத்து வையுங்கள். 2025இல் விண்டோஸ் 11 24எச்2 பதிப்பில் நீலத்திரை கருப்பாக மாறிவிட்டது, பெயர் மட்டும் அதே இடத்தில் வருகிறது. “மெமரி மேனேஜ்மென்ட்” வந்தால் ராமைச் சோதியுங்கள். மெம்டெஸ்ட்86+ஐப் பென் டிரைவில் ஏற்றி குறைந்தது நான்கு சுற்று, இரவு முழுவதும் ஓடட்டும். ஒரு பிழை வந்தாலும் ராம் ஏற்கத்தக்கதில்லை. “கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்”, “அன்எக்ஸ்பெக்டட் ஸ்டோர் எக்ஸெப்ஷன்” இரண்டும் பெரும்பாலும் டிஸ்க்கைக் காட்டுகின்றன. “வீடியோ டிடிஆர்” (VIDEO TDR, ராமின் டிடிஆர் இல்லை) கிராஃபிக்ஸ் டிரைவரை அல்லது அந்தச் சிப்பை. “வியா அன்கரெக்டபிள் எரர்” என்றால் ஹார்டுவேரே பிழையைப் பதிந்திருக்கிறது: வெப்பம், மின்னழுத்தம், பிராசசர். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் நம்பலாம். ஒவ்வொரு முறையும் வேறு பெயர் வந்தால் அதுவே ஒரு துப்பு, ராமை முதலில் சந்தேகியுங்கள்.

எந்தத் திரையும் வராமல் பட்டென்று அணைகிறதா? விண்டோஸின் நிகழ்வுப் பதிவைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் “கெர்னல் பவர் 41” என்று பார்த்துவிட்டுப் பவர் சப்ளை போச்சு என்று முடிவுகட்டுகிறார்கள். அந்தப் பதிவு, முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. அதன் விவரத்தில் பக்செக் எண் (கிராஷின் குறியீடு) பூஜ்யமாக இருந்தால் விண்டோஸ் கிராஷை எழுதக்கூட நேரமில்லாமல் மின்சாரம் நின்றிருக்கிறது, அல்லது அப்படியே உறைந்திருக்கிறது. அடாப்டர், பேட்டரி, வெப்பம் மூன்றையும் பாருங்கள்.

வெப்பத்துக்கு ஒரு அடையாளம் உண்டு. ஆன் செய்து 10, 15 நிமிடம் நன்றாக ஓடும், வீடியோ கால் அல்லது கேம் தொடங்கியதும் அணையும், உடனே ஆன் செய்தால் இன்னும் சீக்கிரம் அணையும். இன்டெல்லின் மொபைல் பிராசசர்கள் பெரும்பாலானவற்றுக்கு எல்லை 100 டிகிரி. அதை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துப் பார்க்கும், முடியாதபோது தன்னைக் காக்க அணைந்துவிடும். அடிமூடியைத் திறந்தால் ஃபேனுக்கும் ஹீட் சிங்க்கின் செம்புத் தகடுகளுக்கும் இடையே தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் அளவுக்கு மீறிச் சுழன்றால் பேரிங் போய்விடும். தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவதானால் லேப்டாப்பில் சிப் மூடியின்றித் திறந்திருப்பதால் அதன் மேற்பரப்பு முழுதும் மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். ஹீட் சிங்க் திருகுகளில் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும், அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பக்கத்துச் சிப்களின் மேலுள்ள தெர்மல் பேடுகளை வேறு தடிமனில் மாற்றினால் ஹீட் சிங்க் பிராசசரில் சரியாக உட்காராது, முன்பைவிட மோசமாகும்.

கடைக்குக் கொடுக்கும்போது

கிராஃபிக்ஸ் சிப் போய்விட்டால் ஹீட் கன்னால் சுடவைத்து எழுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. 2008இல் என்விடியா தன் லேப்டாப் சிப்கள் சிலவற்றின் பேக்கேஜிங் பலவீனத்துக்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியதாக அறிவித்த காலத்தில் இந்த வைத்தியம் பரவியது. வெப்பம் பட்டதும் சிப்புக்குள் விட்டுப்போன தொடர்பு தற்காலிகமாக ஒட்டிக்கொள்கிறது, சில வாரங்களில் மறுபடி விடுகிறது. பணம் கொடுப்பதென்றால் சிப்பை மாற்றும் வேலைக்குக் கொடுங்கள், சுடவைப்பதற்கு வேண்டாம். தண்ணீர் பட்ட லேப்டாப்பையும் அரிசியில் புதைத்து நாளைக் கடத்தாதீர்கள். பேட்டரி இணைப்பில் இருக்கும்வரை உள்ளே அரிப்பு மின்சாரத்தோடு சேர்ந்து வேகமாக நடக்கும். உடனே பேட்டரியைத் துண்டித்து, போர்டைக் கழற்றி, ஆல்கஹாலால் கழுவ வேண்டும்.

பவர் பழுதுக்கோ போர்டு பழுதுக்கோ லேப்டாப்பைக் கொடுக்கும்போது எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுக்கலாம். அந்த வேலையைச் சோதிக்க அது தேவையில்லை, பயாஸ் திரை நிலையாக வந்து நின்றால் போர்டு எழுந்துவிட்டது என்று தெரிந்துவிடும். சிமிட்டல் வீடியோ, கிராஷ் பெயரின் போட்டோ, எந்த அடாப்டரிலும் எந்த ராமிலும் என்ன ஆனது என்ற குறிப்பு இவற்றைக் கூடவே கொடுங்கள். கழற்றும் திருகுகளையும் எடுத்த துளையின் வரிசைப்படியே வையுங்கள். நீளத் திருகு ஒன்று குட்டைத் துளையில் இறங்கினால் அடியிலுள்ள போர்டின் தடங்களை அறுத்துவிடும்.